பந்து உருளட்டும், அதிர்ஷ்டச் சீட்டு வேண்டாம்

போன வாரம் டிவியில் ஒரு கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோல் விழுந்ததும் நான் கைதட்டினேன். பத்து வயது மகன் அசையவே இல்லை. "ஆஃப்சைடுப்பா. பாஸ் கொடுக்கும்போதே அவர் டிஃபெண்டரைத் தாண்டி நின்னுட்டார்" என்றான். அதற்குள் கொடி உயர்ந்துவிட்டது. இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வீடியோ கேமில் கோல் திரும்பத் திரும்ப ரத்தாகி, அவனாகவே பிடித்துக்கொண்ட விதி அது.

அதனால் கேம் என்றாலே கெடுதி என்று என்னால் சொல்ல முடியாது. எந்த வீரர் களைத்திருக்கிறார், யாரை மாற்ற வேண்டும், முன்னால் ஓடுபவருக்குப் பந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்கிறான். ஓடியாட முடியாத உடல்நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, நண்பர்களோடு சரிசமமாக மோத இது ஒரு நல்ல இடம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு இவ்வகை கேம்கள் மேல் மரியாதை உண்டு.

ஆனால் உடம்பு இதில் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பட்டனை அழுத்தினால் கச்சிதமாகப் போகும் பாஸ், மைதானத்தில் முழங்காலில் பட்டுத் தெறிக்கும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோபாவில் உட்கார்ந்து ஜெயித்த கோப்பை அந்தக் கணக்கில் வராது. எங்கள் வீட்டில் முதலில் வெளியே விளையாட்டு, அப்புறம்தான் திரை.

சரி, நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என் உண்மையான பயம் கேமுக்குள் விற்கும் 'பேக்' பற்றியது. ஃபிஃபா கால்பந்து கேமில் (இப்போது அதன் பெயர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி) அல்டிமேட் டீம் என்ற பகுதி 2009இல் வந்தது. ஆடிச் சேர்த்த காசிலோ நிஜப் பணத்திலோ ஒரு பேக் வாங்கலாம். உள்ளே எந்த வீரர் என்பது பிரித்தால்தான் தெரியும். நட்சத்திர வீரர் வருவது அபூர்வம். அடுத்த ஆண்டு புதுப் பதிப்பு வந்ததும் அணியை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பேக்குகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. அடுத்த ஜனவரியில் அங்கே, பேக் வாங்க உதவும் ஃபிஃபா புள்ளிகளைப் பணத்துக்கு விற்பது நின்றது. நெதர்லாந்திலோ, இதே பேக்குகளுக்காக கேம் நிறுவனத்துக்கு விதித்த அபராதத்தை 2022இல் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆக, சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பெற்றோர் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

இன்னொன்று. அதே கேமுக்கு ஐரோப்பாவில் கொடுத்த வயதுக் குறியீடு 3. அடிதடி, ஆபாசம் இல்லை என்பதற்கான எண் அது. பர்ஸுக்கு ஆபத்தில்லை என்று அது சொல்லவில்லை.

போனிலும் கன்சோலிலும் பணம் செலுத்துவதற்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். "ஏன்ப்பா?" என்று முகம் வாடிக் கேட்டான். 20 துண்டுச் சீட்டில் வீரர்களின் பெயர்களை எழுதிக் கிண்ணத்தில் போட்டேன். அவனுக்குப் பிடித்தவர் ஒரே ஒரு சீட்டில். எடுக்க ஒவ்வொரு தடவையும் உண்டியலிலிருந்து ஒரு நாணயம், எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். ஏழு நாணயம் போனது. எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்தான். பிறகு அதை உண்டியலில் போட்டுவிட்டு, "வாப்பா, நாம ரெண்டு பேரும் ஒரு மேட்ச் ஆடலாம்" என்றான்.