ராத்போன் விஷயத்தில் ஒரு திருத்தம்

பிரிட்டனின் எலினர் ராத்போன் லேபர் (தொழிலாளர்) கட்சி எம்.பி., 1945ல் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு உதவித்தொகை வாங்கித் தந்தவர் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாராட்டியது சரி, விவரம்தான் தப்பு.

ராத்போன் எந்தக் கட்சியிலும் இல்லை. 1929ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் தொகுதியிலிருந்து (பட்டதாரிகளுக்கென்று இருந்த தொகுதி) சுயேச்சையாக ஜெயித்தவர். கடைசிவரை சுயேச்சைதான்.

உதவித்தொகையும் எல்லாக் குழந்தைக்கும் வரவில்லை. 1945 சட்டப்படி இரண்டாவது குழந்தையிலிருந்துதான், வாரம் 5 ஷில்லிங். ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒன்றுமில்லை. முதல் குழந்தையையும் பொதுவாகச் சேர்த்தது 1977ல்தான். இன்னொன்று, சட்டம் நிறைவேறியபோது ஆட்சியில் இருந்தது லேபர் அல்ல, சர்ச்சிலின் இடைக்கால அரசு.

அவருடைய உண்மையான வெற்றியை நண்பர் சொல்லவே இல்லை. அரசு கொண்டுவந்த மசோதாவில் பணம் தகப்பனுக்கு உரியது என்றிருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த உதவித்தொகைக்காகப் போராடிய ராத்போன், இப்படியே வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று நின்றார். சம்பளக் கவர் அப்பன் கையில் போனால் பிள்ளை தட்டுக்கு எவ்வளவு வரும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் கட்சிக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டுக்கு விட்டார்கள், பணம் தாய்க்கு என்று மாறியது.

அப்புறம், முதல் தவணை கொடுப்பதை அவர் பார்த்து மகிழ்ந்தார் என்று நண்பர் எழுதியதும் நடக்காத கதை. 1946 ஜனவரியில் இறந்துவிட்டார். பணம் கொடுக்கத் தொடங்கியது அந்த ஆகஸ்டில்.