வாடகைக் காரும் ஈஆர்பியும்: 2 வெள்ளிக்கு 44 வெள்ளி

போன மாதம் தங்கை குடும்பம் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தது. எல்லாரும் சேர்ந்து போக, ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை அங் மோ கியோவில் காரை ஒப்படைத்த பையன் ஒவ்வொரு கீறலையும் படம் பிடித்தான், பெட்ரோல் அளவைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான். ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் கழியும் கேஷ்கார்டு பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டரை மணிக்கு சிடிஇ விரைவுச்சாலையில் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஈஆர்பி கம்பத்தைத் தாண்டியதும் மாப்பிள்ளை, "டோல்கேட்டுங்கிறீங்க, ஒரு ஆளையும் காணோமே மச்சான்" என்றார். 1975இல் நகருக்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி கொடுத்துக் காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிய கதையையும், 1998இல் ஈஆர்பி வந்ததையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தத்தில், கார்டு போடாததால் காரிலிருந்த கருவி எழுப்பிய ஒலி காதில் விழவில்லை.

மூன்று வாரம் கழித்து பில் வந்தது. ஈஆர்பி 2 வெள்ளி. கட்டாமல் போனதற்கு 10 வெள்ளி. அதற்கு மேல் நிறுவனத்தின் 'நிர்வாகக் கட்டணம்' 32 வெள்ளி!

முதல் இரண்டும் சரி, சாலையில் போனது நான்தான். ஆனால் அந்த 32 வெள்ளி எதற்கு? சொந்தக் கார் என்றால் கடிதம் என் பெயருக்கு வரும், அன்றைக்கே கட்டிவிடுவேன். வாடகைக் காரில் அது உரிமையாளருக்குப் போகிறது. அதை எனக்கு அனுப்பி வைக்கும் வேலைக்கு இவ்வளவா?

மலேசியாவில் கார்டில் பணமில்லை என்றால் தடுப்புக் கட்டை எழும்பாது. அங்கேயே தெரிந்துவிடும். இங்கே யாரும் நிறுத்துவதில்லை, அதுதான் இந்த முறையின் வசதியே. அப்படியென்றால் வெளியூர்க்காரருக்கும், எப்போதாவது கார் எடுக்கும் என்னைப் போன்றவருக்கும் சாவி கொடுக்கும்போதே சொல்ல வேண்டாமா? கீறலுக்குப் பத்து நிமிடம் செலவழிக்கிறவர்கள் கார்டுக்கு அரை நிமிடம் ஒதுக்கலாமே. கார்டைப் போட்டே கொடுத்துவிட்டு, ஆன தொகையை எங்களிடம் வாங்கிக்கொண்டாலும் சந்தோஷமாகக் கொடுப்போம்.

அந்தக் காரில் கார்டு செருகும் கருவி முன் இருக்கையின் இடப்பக்கம், கால் வைக்கும் இடத்தில் இருந்தது. அதன் மேல் அம்மாவின் பை கிடந்தது. பில் வந்த பிறகுதான், அன்று எடுத்த படம் ஒன்றில் கண்டுபிடித்தேன். பள்ளி விடுமுறைக்குக் கார் எடுப்பவர்கள் சாவியை வாங்குவதற்கு முன்னால் "கார்டு எங்கே போடணும், உள்ளே இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

12 வெள்ளியைக் கட்டிவிட்டேன். அந்த 32 வெள்ளியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.