செப்புக் காசை புளி போட்டு தேய்க்காதீங்க

பழைய செப்புக் காசை புளியும் உப்பும் போட்டு பளபளன்னு தேய்ச்சா நல்ல விலைக்கு போகும்னு வாட்ஸ்அப்ல சுத்துது, அது தப்பு, தேய்ச்ச காசுக்கு சேகரிக்கறவங்க விலைய குறைச்சுதான் கேப்பாங்க. உதாரணமா 1835னு போட்ட கிழக்கிந்திய கம்பெனி கால் அணா காசு மேல இருக்கற பழுப்பு நிறம் அழுக்கே இல்ல, செம்பு காத்தோட சேர்ந்து உண்டான ஆக்சைடு படலம், உள்ள இருக்கற உலோகத்துக்கு அதான் காவல். புளி அத கரைச்சிடும், தேய்க்கறதுல எழுத்தோட விளிம்பு மழுங்கிடும், உப்புல இருக்கற குளோரைடு குழிக்குள்ள தங்கிட்டா ஈரம் பட்டதும் வெளிர் பச்சையா பவுடர் மாதிரி பூத்து காசையே அரிக்கும், பாக்கவே மனசு தாங்காது. அப்படி உதிர்ற பச்சை தெரிஞ்சா அந்த காச தனியா வைங்க. வெறும் மண்ணுனா டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சு நல்லா காய வைங்க. காச போட்டு வைக்க பிவிசி பிளாஸ்டிக் கவர் வேணாம், மைலார்ங்கற பாலியெஸ்டர் கவரும் ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல்லும் போதும்.