கிராமத்தில்தான் தடுப்பூசி குறைவா?

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாமல் விடுபவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெற்றோரே என்று மேலே ஒரு கருத்து வந்துள்ளது. அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் நகரங்களில் 75.5 விழுக்காடு, கிராமங்களில் 76.8 விழுக்காடு. குளிர்பெட்டியைத் தோளில் சுமந்து அங்கன்வாடிக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரின் உழைப்பை மறந்துவிட்டுப் பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஐயமிருப்பவர்கள் அந்த ஆய்வின் இந்திய அளவிலான தகவல் தாளை இணையத்தில் இறக்கி, குழந்தைத் தடுப்பூசிப் பகுதியின் முதல் வரியில் நகரம், கிராமம், மொத்தம் என்று தனித்தனியாக உள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தடுப்பூசி அட்டை அல்லது தாயின் நினைவு, இரண்டில் ஒன்றைக் கொண்டு கணக்கிட்டதாக அவ்வரியே கூறும்.