என் முறை வரும்வரை நான் உட்கார்ந்திருப்பேன், உங்களுக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வீடியோ கேம் ஆடிப் போட்ட லைவைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு இதற்குள் யாராவது அந்தக் கிளிப்பை அனுப்பியிருப்பார்கள். எனக்கே அனுப்பினார்கள், "இது நீங்களா" என்று கேட்டு. ஆமாம், நான்தான். லிங்க் போட மாட்டேன், அந்தத் தம்பிக்கு என் பங்குக்கும் வியூஸ் ஏற்ற வேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3ஐ எடுத்து ஆடினார். பாதி நேரம் கதாபாத்திரத்துக்குத் தலைமுடி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் அவசரம் எதுவும் தெரியவில்லை. முதல் சண்டை வந்ததும்தான் பொறுமை போய்விட்டது. "ஏன்டா எல்லாரும் சும்மா நிக்கிறீங்க, அடிங்கடா" என்று கத்தினார், சிரித்தார், செத்தார், கேமை மூடினார். அப்புறம் தீர்ப்பு. டேர்ன் பேஸ்ட் ஆர்பிஜி, அதாவது ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்துச் சண்டை போடும் கதை கேம்கள், எல்லாம் மெஷினுக்குச் சக்தி இல்லாத காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தது, இப்போது செத்துப்போச்சு, சாக வேண்டியதுதான். நான் மரியாதையாகத்தான் எழுதினேன்: இன்னும் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள் தம்பி, யோசிக்க விடுவதுதான் இந்த ஆட்டமே என்று. அதைச் சத்தமாக வாசித்துவிட்டு "ஆன்ட்டி, உங்களுக்கு கேண்டி கிரஷ்தான் செட் ஆகும்" என்றார். சாட் முழுக்கச் சிரிப்பு.

கேண்டி கிரஷ்ஷிலும் பெரும்பாலும் நீங்கள் ஒரு மிட்டாயை நகர்த்தும்வரை மற்ற மிட்டாய்கள் காத்துக்கொண்டுதான் இருக்கும், தம்பி. அது போகட்டும்.

ஆன்ட்டி என்றதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. நாற்பதை நெருங்குகிறேன், குன்னூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபம் அந்தத் தீர்ப்பின் மேல் மட்டும்தான். ரெண்டு நாளாக எனக்கே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"வேறு வழியில்லாமல் செய்தது." இதை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்கள்! விரட்டி விரட்டிச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது 1978இல். பேக்மேன் 1980. அதற்குப் பிறகு 1981இல்தான் விசார்ட்ரி வருகிறது, கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஆட்டம். மெஷினால் ஓட முடியாமல் நின்றார்கள் என்றால் அதற்கு முன்னால் பேக்மேன் எப்படி ஓடியது? சரி, அவை கடைகளில் நிற்கிற பெரிய பெட்டி மெஷின்கள் என்பீர்கள். ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டுப் பெட்டியில் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 1985இல் வந்தது. மறு வருடம், அதே பெட்டியில், டிராகன் குவெஸ்ட். ஒன்று குதித்து ஓடுகிறது, இன்னொன்று "என்ன செய்யப் போகிறாய்" என்று கேட்டுவிட்டு நிற்கிறது. நிற்க வேண்டும் என்று நினைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வகையின் வேரே 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவது. மேஜைக்கு எந்த மெஷின் சக்தி குறைவாக இருந்தது?

யோசிக்க நேரம் கொடுப்பதுதான் இந்த ஆட்டம். மறுபடியும் சொல்கிறேன், இன்னும் நாலு தடவை சொல்வேன்.

எனக்கு இது எப்படிப் பழக்கம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "ஏதோ யூடியூப் பார்த்துப் பேசுது" என்பார்கள். அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணன் கல்லூரிக்குக் கோவை போனவன், பழைய பிஎஸ்2 (டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2 பெட்டி) ஒன்றைத் தூக்கிக்கொண்டு லீவுக்கு வந்தான். கூட இருந்த டிஸ்க்குகளில் ஒன்று 2001இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 10. அதில் அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் என்று திரையின் ஓரத்தில் வரிசையாகப் படம் இருக்கும். பறக்கிறது எது வந்தாலும் பந்து எறிகிற வாக்காவை இறக்க வேண்டும், கொழகொழவென்று ஜெல்லி மாதிரி ஒன்று வந்தால் வாளால் வெட்டிப் பிரயோஜனம் இல்லை, மந்திரம் போடுகிற லூலுவை இறக்க வேண்டும். சண்டை நடுவிலேயே ஆளை மாற்றலாம். நாம் முடிவு செய்யும்வரை எதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், ஒரு மணி நேரம் ஆனாலும்.

இதனால் என்ன ஆகும் தெரியுமா, வீடே விளையாடும். கேமை ஓட்டும் பட்டன் பேட் அண்ணன் கையில், திட்டம் என்னுடையது, ஷிஃப்ட் முடிந்து வந்து டீ டம்ளரோடு உட்காரும் அப்பாவுக்கு ஒரு இங்கிலீஷ் வசனமும் காதில் விழாது, ஆனால் "முதல்ல அந்த வைத்தியக்காரப் புள்ளையக் காப்பாத்துடா" என்று யூனாவுக்காகப் பதறுவார். சரியான ஆலோசனைதான் அது. வேகமாக ஓடும் கேமில் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் அப்பாவும் ஒரு ஆட்டக்காரர்.

அதே கேமில் யூனலெஸ்கா என்ற பெரிய எதிரியோடு மோதும் ஒரு கட்டம். ஆடியவர்களுக்கு இந்தப் பெயரே வயிற்றைக் கலக்கும். அவள் நம் ஆட்களை ஜோம்பி ஆக்கிவிடுவாள். ஜோம்பி ஆனவனுக்கு வைத்தியம் செய்தால் அதுவே அவனுக்கு அடியாக விழும். எந்த கேமிலும் இப்படி ஒன்று வந்தால் முதல் வேலையாக அதைக் குணப்படுத்துவோம். ஆனால் கடைசி உருவத்தில் அவள் ஒரு மரண மந்திரம் போடுவாள், ஜோம்பியாக இல்லாதவர்கள் அந்த இடத்திலேயே காலி. அதாவது எதை நோய் என்று நினைத்தோமோ அதை விட்டுவைத்தால்தான் பிழைப்போம். "நோயைத் தீக்காம எப்படிடி விடுவ" என்று அப்பா, "விட்டாத்தான்பா தப்பிப்போம்" என்று நான், நடுவில் அண்ணன் பேடை வைத்துவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தான். ஒருவழியாக முடிவெடுத்துப் பட்டனை அமுக்கப் போனபோது கரண்ட் போய்விட்டது. ஜூலை மாதம், மலைக் காற்று, எங்காவது மரம் லைன் மேல் சாய்ந்திருக்கும். அந்தச் சண்டைக்கு முன்னால் வருகிற நீளமான காட்சியைத் தள்ளிவிடவும் முடியாது, மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். அப்படியும் யாரும் எழுந்து போகவில்லை. இதைத்தான் தம்பி "சும்மா நிக்கிறாங்க" என்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஃபைனல் ஃபேன்டஸி 11ஆம் பாகம் ஆன்லைன் ஆகிவிட்டது. 2006இல் 12 வந்தபோது ஆட்கள் தாங்களாகவே ஓடி அடிக்க ஆரம்பித்தார்கள். 2016இல் 15, முழு ஆக்‌ஷன். 2023இல் 16, ஒரே ஒரு ஆளை மட்டும் நாம் ஓட்டுகிறோம், மற்றவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள். ஃபால்அவுட் 1997இல் ஒவ்வொரு அடிக்கும் கணக்குப் போட வைத்தது, 2008இல் மூன்றாம் பாகம் துப்பாக்கி முனையிலிருந்து உலகத்தைப் பார்க்கிற ஆட்டமாகிவிட்டது. டியாப்லோவேகூட முதலில் முறை வைத்து ஆடும் கேமாகத்தான் ஆரம்பித்தது, வெளிவருவதற்குள் ஓட்டமாக மாற்றிவிட்டார்கள். ஒவ்வொன்றும் நல்ல கேம் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இருக்கட்டும், நான் கெட்ட கேம் என்று சொல்லவே இல்லை. என் நாற்காலியை எடுத்துப்போட்டுவிட்டு அதே வீட்டுப் பெயர்ப்பலகையை மாட்டிவைத்திருக்கிறீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"மூன்று அடிக்கு ஒரு தடவை திரை சுழன்று சண்டை வருமே, அது பிடித்ததா?" பிடிக்கவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். லெவல் ஏற்ற ஒரே காட்டில் சுற்றிக்கொண்டே இருப்பதும் கொடுமைதான். அடுத்து.

"மக்கள் வாங்கவில்லை, அதனால் நிறுத்தினார்கள்." அப்படியா? 2006இல் டிராகன் குவெஸ்ட் 9ஐ ஆக்‌ஷன் ஆட்டமாக அறிமுகப்படுத்தினார்கள். ஜப்பானில் ரசிகர்கள் போட்ட கூச்சலில் பழைய முறைக்கே திரும்பி, 2009இல் வெளியிட்டார்கள். யாகுசா என்று தெருச்சண்டை கேம் ஒன்று, வருடக்கணக்காகக் குத்து, உதைதான். 2019இல் முட்டாள்கள் தினத்தன்று அதை டேர்ன் பேஸ்டாகக் காட்டி ஒரு வீடியோ விட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் 2020இல் ஏழாம் பாகம் நிஜமாகவே அப்படித்தான் வந்தது. தம்பி மூடிவைத்த பால்டர்ஸ் கேட் 3 இருக்கிறதே, அது 2023இல் தி கேம் அவார்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேம். "1998இல் வந்த முதல் பாகம் டேர்ன் பேஸ்ட் இல்லையே" என்று ஒரு அறிவாளி கமென்ட்டில் வருவார், வரட்டும். ஆமாம், அது ஓடிக்கொண்டே இருக்கும், நாம் நிறுத்தி நிறுத்திக் கட்டளை கொடுக்க வேண்டும். மூன்றாம் பாகத்தைச் செய்த லேரியன்காரர்கள் அதை எடுத்துவிட்டு முறை வைத்து ஆட வைத்தார்கள், வைத்துத்தான் ஜெயித்தார்கள். எனக்காகப் பேசுகிற உதாரணத்தை எனக்கெதிராகக் கொண்டுவருகிறீர்கள்.

கிளேர் அப்ஸ்க்யூர் என்ற டேர்ன் பேஸ்ட் கேம் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நெருடல் உண்டு. பிரான்ஸில் ஒரு சின்ன டீம் செய்தது, 2025 ஏப்ரலில் வந்து மூன்றே நாளில் 10 லட்சம் பிரதி போனது, டிசம்பரில் அதே விருது. எல்லோரும் "பார்த்தீர்களா, உங்கள் ஆட்டம் உயிரோடு இருக்கிறது" என்று என்னை டேக் செய்தார்கள். இருக்கிறது. ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனை அமுக்கித் தடுக்க வேண்டும். எளிய நிலையில் வைத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், இருந்தாலும் காத்திருக்கிற நேரத்திலும் கை பரபரக்க வேண்டும் என்று அதற்கும் தோன்றியிருக்கிறது பாருங்கள். நான் ரசித்து ஆடினேன். ஆனாலும் அதை அப்பாவோடு சேர்ந்து ஆட முடியாது.

"எதிரி அடிக்கும்போது நின்று வேடிக்கை பார்ப்பது ஒரு விளையாட்டா?" இதை நீலகிரிக்காரியிடம் கேட்காதீர்கள். ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி, 1882இல் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டிய இடம் எங்கள் ஊட்டி கிளப். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி ஜபல்பூரில் யோசித்ததை இங்கே வந்து ஒழுங்குபடுத்தினார். அதில் ஒருவர் அடித்துக்கொண்டே போகும்போது மற்றவர் என்ன செய்வார்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் விட்டுவைத்த பந்துகளிலிருந்துதான் இவருடைய அடுத்த அடி தொடங்கும், அதனால் கண் மேஜையை விட்டு நகராது. உலகம் முழுக்க டிவியில் போட்டுப் பார்க்கிறார்கள். "எழுந்து ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிங்கடா" என்று யாரும் கத்துவதில்லை. கோட்டு போட்ட அங்கிள்கள் காத்திருந்தால் வித்தை, நான் காத்திருந்தால் கேண்டி கிரஷ்.

சரி, ஆன்ட்டிக்கே வருகிறேன், கோபம் இல்லை என்று சொன்னதை நம்பியிருக்க மாட்டீர்கள்.

அந்த பிஎஸ்2 காலத்தில் ஆட்டத்தின் நடுவில் அம்மா கூப்பிடுவார். அரிசி களைய, துணி எடுக்க (மழை தூறினால் ஓட வேண்டும், குன்னூரில் எப்போது தூறும் என்று வருணனுக்கே தெரியாது), கடைக்குப் போக, வந்தவர்களுக்கு டீ போட. அண்ணனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவன் கைவசம் கார் ரேஸ் இருந்தது, ஃபுட்பால் இருந்தது, எல்லாவற்றையும் முழுசாக ஆடினான். நான் எழுந்து போய்த் திரும்பி வரும்வரை அப்படியே நின்றது இந்த ஒரு ஆட்டம்தான். எனக்குக் கை வேகம் இல்லை என்று அவன் அன்றும் சொன்னான். வேகம் பழக யார் விட்டார்கள்? மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்காரக் கிடைத்தவர்கள் பழகினார்கள், பழகிவிட்டு, பழகாதவர்களைப் பார்த்து "ஸ்கில் இஷ்யூ" என்கிறார்கள்.

இப்போதும் அதேதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் பால்டர்ஸ் கேட்டைத் திறக்கிறேன், நாலு பூதங்கள் சூழ்ந்து நிற்கும்போது மகன் தண்ணீர் கேட்டு எழுவான், காலையில் ஆஃபீஸுக்குப் பருப்பு ஊறப்போட்டோமா என்று ஞாபகம் வரும். நான்கு பூதங்களும் பொறுமையாக நிற்கின்றன. என் வீட்டில் எனக்காகப் பொறுமையாக நிற்பது அவை மட்டும்தான் என்று ஒரு தோழியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

ஆகவே தம்பி, நீங்கள் ஆக்‌ஷன் ஆடுங்கள், பட்டன் தேயத் தேய ஆடுங்கள், அதுவும் ஒரு கலைதான், கட்டைவிரலுக்கு நல்லது. ஆனால் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கென்று இருந்ததை எடுத்துவிட்டு, அது தானாகச் செத்தது என்று போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் நீங்களே எழுத வேண்டாம்.

டிராகன் குவெஸ்ட் 12இல் கட்டளைச் சண்டை முறையை மாற்றப்போகிறோம் என்று 2021இலேயே சொல்லிவிட்டார்கள். அந்தத் தொடரும் போனால் எனக்குப் பெரிதாக யாரும் மிச்சமில்லை. மாற்றட்டும். என்னிடம் எட்டாம் பாகத்தின் டிஸ்க் கீறல் இல்லாமல் இருக்கிறது, பிஎஸ்2வின் லென்ஸ்தான் மக்கர் பண்ணுகிறது. ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அதை மாற்றிக் கொடுக்கிறவர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பழைய பெட்டிக்கெல்லாம் செலவு எதற்கு என்று கேட்காத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது. வேறு எதற்கும் இன்பாக்ஸ் வர வேண்டாம்.