சுவர்க்கோழி

(கீச்.)

தம்பி: கேட்டாயா அக்கா? அதேதான். மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்துவிட்டேன், கட்டிலுக்கு அடியில் படுத்தும் பார்த்துவிட்டேன். சுவர்க்கோழி சிக்கவே மாட்டேன் என்கிறது.

அக்கா: சத்தம் மேலேயிருந்து அல்லவா வருகிறது?

தம்பி: அதனால்தான் நேற்று ஒரு டப்பா பூச்சி மருந்தை அண்ணாந்தே அடித்தேன். பாதி என் கண்ணில் விழுந்தது.

அக்கா: பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா?

தம்பி: சும்மா வெந்நீர்தான் வைத்திருந்தேன்.

அக்கா: அந்த டப்பாவில் தீ படம் போட்டிருப்பது அழகுக்கு இல்லைடா.

(கீச்.)

அக்கா: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நிமிடத்துக்கு ஒன்று, பிசகவே இல்லை. மணி பார்த்துக் கத்துகிற பூச்சி உன் வீட்டில்தான் இருக்கும். நிமிர்ந்து பார். வட்டமாக, வெள்ளையாக ஒரு சுவர்க்கோழி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தம்பி: அது புகை அலாரம்.

அக்கா: பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்று என்று மூன்று நாளாகக் கெஞ்சுகிறது. நீ அதன் முகத்தில் மருந்து அடித்திருக்கிறாய்.

தம்பி: தீர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. போன வாரம்தான் நானே மாற்றினேன்.

அக்கா: புதுசா?

தம்பி: ரிமோட்டில் இருந்தது.

அக்கா: ரிமோட்டிலிருந்து ஏன் எடுத்தாய்?

தம்பி: எத்தனை தட்டினாலும் சேனல் மாறவில்லை அக்கா. அலாரத்தில் இருந்தது நல்லதாக இருந்தது. அதை ரிமோட்டில் போட்டேன், இதை அதில் போட்டேன். காலியாக விடக்கூடாது இல்லையா?

அக்கா: பொறுப்பானவன்டா நீ.

தம்பி: ரிமோட் தினமும் உழைக்கிறது. இது சும்மாதானே ஒட்டிக்கொண்டிருக்கிறது?

(இதை எழுதுகிற நான் போய்வந்த வீடுகளில் பேட்டரி இல்லாத அலாரங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பேட்டரி இல்லாத ரிமோட்டை ஒரு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.)

தம்பி: சும்மாவும் இருப்பதில்லை. கடாயில் எண்ணெய் காய்ந்தாலே ஊரைக் கூட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்ற வேண்டியிருக்கிறது.

அக்கா: அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் வேறென்ன செய்யும்? 3 மீட்டராவது தள்ளி மாட்டு. படுக்கிற அறைப் பக்கம் இன்னொன்று வை.

தம்பி: அங்கே யார் சமைக்கப் போகிறார்கள்?

அக்கா: சமைப்பதில்லை, போனைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டு வேக வைக்கிறீர்கள்.

தம்பி: தீப்பிடித்தால் தெரியாமலா போகும்? மூக்கு எதற்கு இருக்கிறது?

அக்கா: நீ தூங்கினால் அதுவும் தூங்கும். புகையோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளை அப்படியே மயக்கத்தில் தள்ளிவிடும். சத்தம்தான் எழுப்பும். எழுந்த பிறகும் வெளியே ஓட 2 நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

தம்பி: 2 நிமிடம் தாராளம் அக்கா.

அக்கா: நீ ரிமோட் தேடவே பத்து நிமிடம் ஆகும்.

(கீச்.)

தம்பி: சரி, கடாய் பற்றிக்கொண்டால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போச்சு.

அக்கா: எரிகிற எண்ணெயிலா? தண்ணீர் அடியில் இறங்கி அந்த நொடியே ஆவியாகிவிடும். ஆவி 1,700 மடங்கு பெருகும். எண்ணெயைத் தீயோடு கூரைக்குத் தூக்கி அடிக்கும். அடுப்பை அணை, தட்டைப் போட்டு மூடு, ஆறும்வரை திறந்து பார்க்காதே.

தம்பி: அதற்குள் இந்தச் சனியன் கத்த ஆரம்பித்துவிடுமே.

அக்கா: கத்தட்டும்டா! உனக்குத் தீயைவிடச் சத்தம்தான் தொந்தரவு. அந்த ரிமோட்டை இப்படிக் கொடு.

தம்பி: அக்கா, அதில் இப்போதுதான்...

அக்கா: நாற்காலியில் ஏறு. இந்தா பேட்டரி. அலாரத்தின் பின்னால் வருடம் போட்டிருக்குமே, என்ன?

தம்பி: 2011.

அக்கா: அதன் ஆயுளே 10 வருடம்தான். இன்றைக்கு இந்தப் பேட்டரியோடு ஓட்டு, நாளைக்குப் புதிய அலாரம் வாங்கு. அப்புறம், இது அடித்தால் யார் எந்த வழியாக ஓடுவது, வெளியே எங்கே கூடுவது என்று பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறாயா?

தம்பி: அதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அக்கா: அப்படியா? அந்தச் சோதனைப் பொத்தானை அழுத்து, பார்க்கலாம்.

(அலாரம் அலறுகிறது. பத்து வினாடிக்குள் பெரியவள் துண்டோடு ஓடி வந்து அதன் கீழே நின்று வீசுகிறாள். ஒரு கையில் ரிமோட்டோடு சின்னவன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வருகிறான்.)

சின்னவன்: அப்பா, சீக்கிரம் கழற்றுங்கள்! ரிமோட்டில் பேட்டரி இல்லை!