2018-இல் வந்த கேமராவில் கல்யாணம் எடுத்தால் ஏமாற்று வேலையா?

போன ஞாயிற்றுக்கிழமை நம்மைப் போன்ற கல்யாண போட்டோகிராஃபர்களுக்கான பயிலரங்கு மேடையில் ஒருவர் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் வாட்ஸாப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஏழெட்டு வருஷப் பழைய பாடியோடு (லென்ஸ் நீங்கலான கேமரா) முகூர்த்தத்துக்குப் போய் நிற்பவன் பார்ட்டியை, அதாவது கல்யாண வீட்டாரை, ஏமாற்றுகிறானாம். கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதில் என்னோடு செகண்ட் ஷூட்டராக (துணைக்குப் படம் எடுப்பவராக) வந்து வேலை கற்றுக்கொண்ட தம்பிகளும் உண்டு. அதுதான் இன்னும் ஆறவில்லை.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 III. 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். அடுத்த மாடலான ஏ7 IV 2021-லேயே 33 மெகாபிக்சலோடு வந்துவிட்டது. நான் மாற்றவில்லை. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்து, எங்கே குறை, அந்தக் குறை பாடியால் வந்ததா என்று யோசித்துத்தான் மாற்றவில்லை. கேமரா மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும். எந்த வருஷம் வந்த மாடல் என்பது கேள்வியே இல்லை.

கணக்கையே பார்ப்போம். நாம் கொடுப்பது விரித்தால் 12×36 இஞ்ச் வரும் ஆல்பம். அதில் ஒரு பக்கம் 12×18 இஞ்ச். 300 டிபிஐ-யில், அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி வீதம், அடிக்க 5400×3600 பிக்சல் வேண்டும். என் கேமரா 6000×4000 தருகிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தாலும் மிச்சம் இருக்கிறது. விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்றால் 10800 பிக்சல் அகலம் வேண்டும். அதற்கு ஏ7 IV தரும் 7008-உம் போதாது. ஆல்பத்துக்கு முன்னாலேயே பார்ட்டி படத்தை வாட்ஸாப்பில் பார்த்துவிடுகிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் அங்கே நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

"ஆட்டோஃபோகஸ் எங்கேயோ போயிடுச்சு அண்ணா" என்று கமெண்டில் வருவார்கள். போயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏ7 III-க்கும் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ரியல்-டைம் ஐ ஏஎஃப் 2019-லேயே இலவச அப்டேட்டாக வந்துவிட்டது. மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண்ணைப் பிடிக்க அது தாராளம். கெட்டிமேளம் சொன்னதும் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நிற்கும் மாமாவின் தோளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணை எந்தக் கேமராவும் பிடிக்காது. அதற்கு முன்கூட்டியே இடம் பார்த்து நிற்க வேண்டும், பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

போன வைகாசியில் கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபம். மேடை முழுக்க ஊதா எல்.இ.டி. மாப்பிள்ளையின் ஒரு கன்னம் ஊதா, ஐயரின் வேட்டி ஊதா, தேங்காய்கூட ஊதா. ஒரே நிற எல்.இ.டி. வெளிச்சத்தில் மற்ற நிறங்களே கிடையாது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW ஃபைலாக எடுத்து, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் தோலின் நிறம் திரும்பி வராது. நேராக டெக்கரேஷன் பையனிடம் போனேன். "தம்பி, தாலி கட்டுற அஞ்சு நிமிஷம் மட்டும் இந்த ரெண்டு கலர் லைட்டையும் நிறுத்தி வைப்பா" என்றேன். நிறுத்தினான். ஃபிளாஷைப் பக்கத்து வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பி எடுத்தேன். மஞ்சள் கயிற்றில் முடிச்சு விழுவதும், பெண்ணின் கழுத்தோரம் இருந்த வியர்வைத் துளியும் அந்தந்த நிறத்திலேயே வந்தன. ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்து அழுதார். நான் ஏமாற்றியது அந்த அம்மாவையா?

வீடியோ எடுப்பவர்கள் சொல்வது வேறு. வீடியோவில் நிறங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்ற கணக்கில் ஏ7 III-இல் 8 பிட், ஏ7 IV-இல் 10 பிட். கிரேடிங், அதாவது எடுத்த பிறகு நிறம் மாற்றும் வேலை, செய்கிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். அவர்கள் வாங்கட்டும். நான் ஸ்டில்ஸ் எடுக்கிறவன்.

ஷட்டர் ஆயுள் இரண்டு லட்சம் கிளிக்தானே என்பார்கள். ஷட்டர் போனால் ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம். ஏமாற்று வேலை எது என்று நான் சொல்கிறேன். கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தும் ஒரே கார்டில் முகூர்த்தத்தை எடுப்பது. பேக்அப் பாடி இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைவது. தாங்கள் வருவதாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டு, அன்றைக்குக் கற்றுக்குட்டியை அனுப்புவது. புது மாடல் வைத்திருக்கிற எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா?

"வாங்க வசதி இல்லை, அதனால் பேசுகிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வலித்தது. கடன் வாங்கினால் யாருக்கும் கிடைக்கும் தம்பி. ஆடியிலும் மார்கழியிலும் நமக்கு முகூர்த்தம் இல்லை, இ.எம்.ஐ. மட்டும் அஞ்சாம் தேதி தவறாமல் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் தவணையில் புது பாடி எடுத்தான். அந்த ஆடியிலேயே கட்ட முடியாமல், நல்ல 85 எம்.எம். லென்ஸை வந்த விலைக்குக் கொடுத்தான். பாடியைக் காப்பாற்ற லென்ஸை விற்றான்! பார்ட்டிக்கு இதனால் என்ன லாபம்? இப்போது அவன் இன்னொரு ஸ்டுடியோவில் தினக்கூலிக்கு ஷூட் போகிறான். அவனுக்குப் புது பாடி வாங்கச் சொன்னவர்கள் யாரும் அந்த ஆடியில் அவனுக்குப் போன் செய்யவில்லை.

நமக்கு வர வேண்டிய பேலன்ஸ் பணம் என்ன ஆகிறது என்பதை முதலில் பேசுங்கள். ஆல்பம் வாங்க வராமல் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். செகண்ட் ஷூட்டருக்கு அன்றன்றே கூலி கொடுத்துவிட்டு, நாம் பார்ட்டி வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். ஒருத்தன் ஒரு ரேட் சொன்னால் அடுத்தவன் அதில் பாதி சொல்கிறான். இதற்கெல்லாம் ஒரு பயிலரங்கு போடுங்கள், முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.

இந்த ஆடிக்கு முன்னால் பாடி மாற்றலாமா என்று யோசிக்கிற தம்பிகள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். போன சீசனில் உங்களுக்குத் தோற்றுப்போன படங்களை மட்டும் எடுத்து வாருங்கள், நல்ல படங்கள் வேண்டாம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு அப்புறமும் பாடிதான் காரணம் என்று தெரிந்தால், கடைக்கு நானே கூட வருகிறேன்.